இரைச்சல் இல்லாத ஷவர்

"ஆறு பக்கமிருந்தும் தண்ணி பீச்சும் மேடம். பெரிய பங்களாவுக்கெல்லாம் இதைத்தான் போடறோம்," என்றாள் ஆர்க்கிடெக்ட் பெண்.

"இரைச்சல் ஜாஸ்தியா இருக்கும்மா. இருக்கறதிலேயே சத்தம் கம்மியானதைக் காட்டு," என்றாள் வீட்டுக்காரி.

ஷோரூமில் அவள் ஒதுக்கிய நான்காவது ஷவர் அது. அவளுக்குச் சத்தமே ஆகாது போலிருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட் பெண் நினைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க மேடம். பாத்ரூமுக்கு சவுண்ட் புரூஃப் கதவு போடச் சொல்லி சார் முன்னாடியே சொல்லிட்டார். பொட்டுச் சத்தம் வெளிய வராது."

வீட்டுக்காரியின் முகம் சட்டென்று வாடியது. "அவரா சொன்னார்?"

"ஆமா. 'குளிக்கும்போது நான் பாடித் தொலைக்கறேன். பாவம், இருபது வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கா. புது வீட்டிலயாவது அவ காது தப்பிக்கட்டும்'னார்."

"பைத்தியக்கார மனுஷன்!" அவள் கண் கலங்கச் சிரித்தாள். "வேற எங்கயும் வாயைத் திறந்து பாட மாட்டார்மா. அவர் குளிக்கப் போனதும் பாத்ரூம் வாசல்ல நின்னுதான் தினமும் துணி மடிக்கறேன். தண்ணி இரைச்சல்ல பாதிப் பாட்டு கேக்காமலே போயிடுது. அதுக்குத்தானே இந்த அலைச்சல்!"

ஆர்க்கிடெக்ட் தன் பட்டியலில் அந்தக் கதவை அடித்துவிட்டு, 'சாதாக் கதவு' என்று எழுதினாள்.

"அதுக்கும் அடியில ஒரு விரல் இடைவெளி விட்டுடு. அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. வெக்கப்பட்டுப் பாட்டையே நிறுத்திடுவார்."