புது வேலி

மறதி நோய் வந்த பிறகு தேவசகாயம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புத் தோட்டத்தின் இற்றுப்போன வேலியைத் தள்ளிக்கொண்டு பெரிய சாலைக்கு நடந்துவிடுவார். மனைவி ஆரோக்கியமேரி அவரை லாரிகளுக்கு நடுவிலிருந்து இழுத்து வந்திருக்கிறாள். அவள் பலமுறை கேட்டு, இன்றுதான் வாரியத்து ஆட்கள் புதுக் கம்பிவேலி அடித்தார்கள்.

தேவசகாயம் தள்ளிப் பார்த்தார். வேலி அசையவில்லை. செம்பருத்தி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

"உன் பேரு என்னப்பா?" என்று மேரி வேலி அடித்தவனிடம் கேட்டாள்.

"வேடியப்பன். எதுக்கும்மா?"

"ஜெபத்துல சொல்றதுக்கு."

அவன் கூச்சத்துடன் சிரித்தான். "வேலி கேட்டோட கொக்கிய அய்யாவுக்கு எட்டாத எடத்துல வச்சிருக்கேம்மா."

அவர்கள் போனதும் மேரி குளியலறைக் கதவைத் தாழிட்டு, அவசரமில்லாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வெளியே, சாலையில் போகும் யாரையோ அவர் கூப்பிடுவது கேட்டது.

"நம்ம வீட்டுக்கு வாங்க, காப்பி குடிக்கலாம்."