பாதி சார்ஜ்

"என்ர ஓட்டோவில பாதிச் சார்ஜ்தான் இருக்கு. பக்கத்தில விட்ட இக்ராம்தான் உறிஞ்சிருப்பான்!" கிண்ணியா சூரிய சார்ஜ் நிலையத்தில் முனீப் கத்தினார்.

பொறுப்பாளர் சனூஸா திரையைப் பார்த்தாள். "இக்ராம் நானாட ஓட்டோவில ஒண்டுமே இல்ல."

"அப்ப எங்க போனது?"

"நேத்து ஊரெல்லாம் கரண்ட் போனது தெரியாதா?"

"எங்கட வீட்டில போகேல்லையே. மகள்ட கலியாணச் சாப்பாடு முடியும்வரை லைட் எரிஞ்சதே!"

"அது இங்க நிண்ட ஓட்டோ பற்றரிகளில இருந்து நாங்க அனுப்பின கரண்ட். சொந்தக்காரரைக் கேக்காம ஒரு பற்றரியில பாதிதான் எடுக்க ஏலும். கலியாண வீட்டுக்கு அது போதாதெண்டு, தன்ரதை முழுக்க எடுக்கச் சொன்னவர் இக்ராம் நானாதான்."

 ஊரையே அழைத்த கலியாணத்துக்கு இக்ராமை மட்டும் முனீப் அழைத்திருக்கவில்லை.