கால்சட்டைத் திருநாள்

“கால்சட்டை எங்கே, மதாம்? கேக்கறது காதுல விழுதா? கால்சட்டை!”

டியூக் போட்ட சத்தத்தில் குழந்தைகள் அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய மகனை வளர்க்கும் மதாம் யுலாலி, தைத்துக்கொண்டிருந்த குஷனை மார்போடு அணைத்தபடி பதறி எழுந்தாள்.

“மாதா மேல சத்தியம், பிரபு! இன்னைக்குக் காணாமப் போன கால்சட்டையை நான் தொட்டுக்கூடப் பாக்கல. காலையில தையல்காரர் கொண்டாந்து அந்த நாற்காலியில வெச்சாரு. பிள்ளைக்குத் தலை சீவிட்டுத் திரும்பறேன், நாற்காலி மட்டும்தான் இருக்கு!”

“போன வாரமும் இதே கதையைத்தான் சொன்னீங்க!”

அதுவும் வாஸ்தவம்தான். முதலில் தைத்து வந்த கால்சட்டையும் இதே நாற்காலியிலிருந்துதான் மாயமாகியிருந்தது. மாளிகையைத் தலைகீழாகப் புரட்டியும் அகப்படவில்லை. தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி நீலத்துணி வெட்டி, லில்லிப் பூ பொறித்த தங்கப் பொத்தான்களை மறுபடி வைத்துத் தைத்தார். இப்போது அதுவும் போய்விட்டது.

டியூக்கின் மகன் இளவரசர் கஸ்தோன், வெள்ளைக் கவுனும் நீல இடுப்புப் பட்டையுமாகத் தரையில் உட்கார்ந்து மரக்குதிரையின் வாலைப் பின்னிக்கொண்டிருந்தார். அரச குடும்பத்துப் பையன்கள் எல்லாரும் கவுனில்தான் வளர்ந்தார்கள். கவுனில் இருக்கும்வரை பெண்கள் பொறுப்பு. கால்சட்டை ஏறிய அன்றே ஆண்கள் கைக்குப் போய்விட வேண்டும். இந்தக் குடும்பத்தில் அந்தச் சடங்கைப் பையனின் பெயர்கொண்ட புனிதரின் திருநாளில் மட்டும்தான் செய்வார்கள். புனித கஸ்தோன் திருநாள் இன்றைக்கு. தவறினால் அடுத்த வருஷம்தான்.

யுலாலிக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பிறந்த அன்றே கையில் வாங்கிய பிள்ளை. இடி இடித்தால் இனி யார் கழுத்தைக் கட்டிக்கொள்வான்?

“ராசா, நீ எங்கேயாவது ஒளிச்சு வெச்சியா?”

“நான் ஏன் ஒளிக்கறேன்? கால்சட்டையில பாக்கெட் இருக்குமாமே! கூழாங்கல் போட்டுக்க எனக்கு பாக்கெட் வேணும், யுலாலி.”

“ஜெனரல் வர்றதுக்குள்ள அகப்படலைன்னா நீங்க மூட்டை கட்ட வேண்டியதுதான், மதாம்!” என்று உறுமினார் டியூக். எப்போதும் உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கட்டிலில் வீசுகிறவர், இன்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்திருந்தார். மூக்கு அரித்தபோதுகூடத் தோளில்தான் தேய்த்துக்கொண்டார். அவ்வளவு கோபம்.

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஜெனரல் ப்ரெவான் வந்துவிட்டார். போரில் ஒரு காதைப் பறிகொடுத்தவர். மிச்சக் காதில் தன் குரல் மட்டுமே விழும். டியூக்கையே கவுனிலிருந்து வாங்கி வளர்த்த ஆசான் அவர். இனி மகனுக்கும் அவர்தான். இங்கேயே தங்கி, இதே மேஜையில் சாப்பிடப்போகிறார்.

“நிமிந்து நில்லுங்க, பிரபு!”

டியூக் விறைத்து நிமிர்ந்தார்.

“இந்த வயசுலயும் கூன் போகல! தொப்பியை ஏன் பொம்மை மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கீங்க?”

“காத்துல பறந்துடும்னு, ஜெனரல்.”

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. ஜெனரலுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது?

“சரி, பையன் எங்கே? இங்க ஒரு பொண்ணுல்ல உக்காந்திருக்கு!”

“நான்தான் பையன்,” என்றார் கஸ்தோன், குதிரையின் வாலை விடாமல்.

“கால்சட்டை?”

“காணோம்,” என்றார் டியூக், தரையைப் பார்த்து.

ஜெனரலுக்குத் தலை சுற்றியது. யுலாலி கீழே வைத்த குஷன்மேல் உட்காரப் போனார். அவள் பாய்ந்து அதை உருவிக்கொண்டாள்.

“ஐயோ, ஊசி இருக்கு, ஜெனரல்!”

“வேற கால்சட்டையே கிடையாதா இந்த வீட்டுல?”

“தோட்டக்காரன் மகனோடது இருக்கு,” என்றார் டியூக். “ஆனா இளவரசன் முதன்முதலா மண்ணு ஒட்டின கால்சட்டை போட்டான்னு நாளைக்கு அரசர் காதுக்குப் போச்சுன்னா...”

ஜெனரல் கைத்தடியால் தரையைத் தட்டினார். “கவுன் போட்ட பையனைக் கையில வாங்கினா என் பழைய சிப்பாய்ங்க விழுந்து விழுந்து சிரிப்பானுங்க. அடுத்த வருஷம் வரேன்!”

ஜெனரலின் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

“அப்போ நான் மூட்டை கட்டறேன், பிரபு,” என்றாள் யுலாலி, கண் கலங்கி.

“அவ்வளவு சுலபமா உங்களை விட்டுடுவேனா? இன்னும் ஒரு வருஷம் இவனை நீங்களே கட்டி மேய்க்கணும். அதுதான் தண்டனை!”

யுலாலிக்கு உலகமே இனித்தது. முழங்கால் மடக்கி ஆழமாக வணங்கினாள். டியூக்கும் தலையசைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் தொப்பியைத் தலையில் வைத்தார். அது பாதிக்குமேல் இறங்கவில்லை. காதோரம் ஒரு குட்டி நீலக் கால் தொங்கியது.

“என் பாக்கெட்!” என்று துள்ளினார் கஸ்தோன்.

டியூக்கின் முகம் சிவந்துபோனது. “சின்ன வயசு பூரா அந்த ஆளோட ஒரே மேஜையில சாப்பிட்டேன், மதாம். இன்னொரு தடவை என்னால முடியாது! ஆனா மாதா சத்தியமா, நான் எடுத்தது இது ஒண்ணுதான். முதல் கால்சட்டை எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

யுலாலி குஷனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கஸ்தோன் பின்னாலேயே ஓடி, அதன் தையல் பிரிந்த ஓரத்தில் எட்டிப் பார்த்த தங்கப் பொத்தானைப் பிடித்து இழுத்தார்:

“அப்பா, இங்க இன்னொரு பாக்கெட்!”