இணைப்பு: படம் ஒன்று

தஞ்சாவூர் பதிவாளர் அலுவலகத்து மின்விசிறிக் காற்றில் சவரியம்மாள் கையிலிருக்கும் வழவழப்பான தாள் படபடக்கிறது. குவைத்தில் வேலை பார்க்கும் தம்பி ரெமிஜியஸ், அங்குள்ள மாதா கோயிலில் கிடைத்த, நன்கொடை கேட்கும் புத்தகத்திலிருந்து கிழித்து அனுப்பியது. அதில், விடுதியில் தங்கிப் படிக்கும் அவள் மகள் லின்சி, அவள் வாங்கித் தராத கவுன் போட்டுக்கொண்டு நிற்கிறாள். படத்துக்கு மேலே ஓர் இங்கிலீஷ் வரி. இந்தப் பிள்ளையின் தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள் என்று அதில் போட்டிருப்பதாகத் தம்பி கடிதத்தில் எழுதியிருந்தான். சவரியம்மாளின் நகக்கண்ணில் காலையில் நாற்றுப் பறித்த சேறு இன்னும் காயவில்லை. எழுத்தர் வைரக்கண்ணு புகார் மனுவைப் புரட்டுகிறார். "விடுதி நடத்துற சங்கம் இங்கதான் பதிஞ்சிருக்கு. விசாரணைக்கு அனுப்பலாம். படம் ஒரிஜினல் வேணும்." "திரும்பத் தருவீங்களா சார்? புள்ள படம் வேற கெடையாது." "ஃபைல்லதாம்மா இருக்கும்." அவள் கால் மாற்றி நிற்கிறாள், வாசலைப் பார்க்கிறாள். விஷயம் தெரிந்து இன்றைக்கே பிள்ளையை விடுதியிலிருந்து அனுப்பிவிட்டால்? பத்தாவது படிக்கிற பெண். திங்கட்கிழமை காலாண்டுப் பரீட்சை. தாளை மேசையில் வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். வைரக்கண்ணு குண்டூசியோடு குனிகிறார். "மூஞ்சில குத்திடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஊசி தயங்கி, மேலே நகர்ந்து, அவள் செத்துப்போன வரியில் இறங்குகிறது.