காலி இடத்து முளைகள்

சிறிய விமானங்களை வெட்டவெளியில் சும்மா நிறுத்தினால் காற்று புரட்டிவிடும். தரையில் இரும்பு முளைகளைத் திருகி இறக்கி, இறக்கைகளையும் வாலையும் கயிற்றால் கட்டிவைப்பது என் வேலை.

"இறுக்கிக் கட்டுடி. இல்லேன்னா நான் இல்லாமலே கெளம்பிடும்" என்பான் விமானம் ஓட்டும் அண்ணன். அவனும் விமானமும் திரும்பி வராமல் போன பிறகு, வீட்டில் நான் மட்டும்தான். அவன் விமானம் நின்ற இடத்தில் கயிறோடு கிடந்த முளைகளை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை.

பலத்த காற்றடித்தால், மறுநாள் விமானம் இழுத்த பக்கம் முளையோரத்து மண் பிளந்திருக்கும். அண்ணனின் காலி இடத்திலும் அப்படியே பிளந்திருந்தது. மண்ணை மிதித்துச் சரிசெய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மேலாளர் வந்தார். "வேற பிளேன் வருதும்மா. எத்தன நாள்தான் காலியா போட்டு வைக்கிறது? புடுங்கிடு."

"சரி சார்."

ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். காற்று துளியும் இல்லை. கடைசி முளையிலிருந்து அவிழ்த்ததும், கயிறு என் கையிலிருந்து நழுவியது. புல்லில் நிதானமாக ஊர்ந்து ஓடுதளத்துக்குப் போனது. அங்கே வேகமெடுத்தது. ஓடுதளம் முடியுமுன் தரையைவிட்டு எழும்பியது.