மணப்பாட்டு பில்

“கையெழுத்து உன்னுதுதானலே?”

மேனேஜர் தாணுலிங்கம் மேஜையில் அறைந்ததில் பத்தொன்பது பில்களும் ஒரு குதி குதித்தன. மணப்பாட்டில் மீன் வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பும் இஞ்ஞாசி, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

“எங் கையெழுத்து மாரிதான் இருக்கு. ஆனா நான் போடல.”

“வாரந்தவறாம மாதா கோயிலுக்குப் போறவன், எப்படி வாய்கூசாம பொய் சொல்லுதான் பாருங்க மேடம்!”

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த சரண்யாதேவி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கம்பெனிக்குள் லஞ்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வாங்கிய சாப்ட்வேர், நாலாயிரம் பில்லைச் சலித்து இந்தப் பத்தொன்பதை எடுத்துக் கொடுத்திருந்தது.

“இதுல இருக்கிற மீன் எதுவும் குடோனுக்கு வரல. பணம் மட்டும் போயிருக்கு, யாரோ ஒரு அதிகாரிக்கு லஞ்சமா,” என்றாள். “எழுதினது யாருன்னு தெரிஞ்சாகணும். சாயங்காலம் போலீஸ்ல கொடுக்கப்போறோம்.”

இஞ்ஞாசிக்கு ஊர் நினைப்பு வந்தது. இருபது வருட வேலை போனாலும் போகட்டும், போலீஸ் ஜீப் ஊருக்குள் வந்தால் எந்த முகத்தோடு நடமாடுவது?

“பில் புத்தகம் இருக்கது ரெண்டே பேருகிட்டதான். ஒண்ணு இவன், இன்னொண்ணு நான்.” தாணுலிங்கம் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “நானா எழுதுவேன்?”

மனிதர் கடலே இல்லாத கயத்தாற்றுக்காரர். மீன் கம்பெனி மேனேஜர்தான், ஆனால் மீன் வாடை ஆகாது. வேலைக்கு வந்த இந்த ஒரு வருடத்தில் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

“இன்னொரு விஷயம்,” என்றாள் சரண்யாதேவி. “நாலு வருஷ பில்லுல, ஞாயித்துக்கிழமை தேதி இந்தப் பத்தொன்பதுல மட்டும்தான் இருக்கு. ஏன்னு சாப்ட்வேருக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியுமே! நான் லீவுல இருக்குத நாளாப் பாத்து எழுதியிருக்கான், கள்ளப்பய.”

இஞ்ஞாசி அதுவரை தேதியைக் கவனிக்கவேயில்லை. ஒவ்வொரு பில்லாக எடுத்துப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஒரு வள்ளமும் கடலுக்குப் போவாது மேடம். கள்ள பில்லே எழுதினாலும் மணப்பாட்டுக்காரன் அந்தத் தேதியப் போடமாட்டான்.”

தாணுலிங்கத்தை நேராகப் பார்த்தார்.

“கயத்தாத்துக்காரன்தான் போடுவான்.”