ஏழு செம்பருத்தி

“சுப்ரஜா, வைஜயந்தி வெச்ச செம்பருத்திலேர்ந்து ஏழு பூ பறிச்சுண்டு வா. ஆளுக்கு ஒண்ணா அவ புடவைமேல போடட்டும்” என்றார் மாமியார் சரசா, ஹாலில் இருந்த ஏழு பெண்கள் காதிலும் விழும்படி.



நாத்தனார் கிருஷ்ணப்ரியாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை. குடும்பத்தில் தாலியோடு போன பெண்ணுக்கு மணையில் புடவை வைத்து, இலை போட்டுக் கும்பிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படிப் போனவள் என் கணவரின் முதல் மனைவி வைஜயந்தி. வீட்டு மருமகளாக முன்னால் நின்று கும்பிட வேண்டியவள் நான்.

இதற்கு மடிசார் கட்டத் தெரிந்த ஏழு சுமங்கலிகளைப் புனேயில் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்று பேர் தேஹு ரோட்டிலிருந்து விடிகாலையில் டாக்சி பிடித்து வந்தார்கள். ஒருத்தி சம்பந்தி வீட்டு உறவு. வந்ததிலிருந்து ஏழு பேரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தாரத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

செம்பருத்தி ஜோராக நின்றது. ஏழு பூ. நாலு மாதமாக அதே ஏழு பூ.

பிளாஸ்டிக்.

என் கணவர் கோகுல்நாத் ஆபீஸ் வேலையாக ஆறு வாரம் ஜெர்மனி போயிருந்தபோது நான்தான் மாற்றினேன். வைஜயந்தியின் செடிக்கு ஐந்து நாள் பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். பட்டுப்போனது. வீடுகளுக்குச் செயற்கைத் தோட்டம் போட்டுத் தரும் கடையில் பழைய போட்டோவைக் காட்டி, அச்சு அசலாக அதேபோல் ஒன்று வாங்கி, அதே தொட்டியில் அதே மண்ணில் நட்டேன்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலையில் எழுந்ததும் அவர் முகம் கொடுத்துப் பேசுவது அந்தச் செடியிடம்தான். ‘வைஜு’ என்றுதான் அதைக் கூப்பிடுவார். எத்தனை பூ என்று எண்ணி முடித்த பிறகுதான் நான் கொடுக்கும் காபி. என்னோடு உட்கார்ந்து ஒருநாள் அந்தக் காபியைக் குடித்திருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

திரும்பி வந்த பிறகும் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். பிளாஸ்டிக்குக்கு! செம்பருத்தி சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும் என்பதுகூடத் தெரியாத மனுஷன் என்று சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். மனசு அவ்வளவு குளிர்ந்துபோகும். செத்தவளை நான் இன்னொரு தடவை கொன்றிருந்தேன், ஏன் என்று கேட்க ஆளில்லை.

இப்போது ஏழு பேர் கையில் ஏழு பூ. தொட்டவுடன் தெரிந்துவிடும். அப்புறம் சம்பந்தி வீட்டில் சிரிப்பார்கள், மாமியார் ஊரெல்லாம் சொல்லி அழுவார். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் கொஞ்சநஞ்ச இடமும் போய்விடும்.

பூவே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. கண்ணாடிக் கதவு வழியாக ஹாலில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சிவப்பு தெரிந்தது.

ஒரு பூவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. முறுக்கினேன். செடி முழுக்க சலசலத்தது, பூ மட்டும் அசையவில்லை. விரல் நுனியில் ரத்தம் வந்தது.

பெட்ரூம் பக்கத்துக் கதவு திறந்தது. பெண்கள் பூஜை என்று காலையிலிருந்து லேப்டாப்போடு உள்ளேயே இருந்த கோகுல்நாத் பால்கனிக்கு வந்தார். கையில் கட்டிங் பிளேயர்.

அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் அவ்வளவு கனிவாக அவர் பேசியதே இல்லை.

“உள்ள கம்பி இருக்கு, கையால வராது. அம்மாவை ஏழு பூ கேக்கச் சொன்னதே நான்தான். நீ வெட்டு, தட்டை நான் பிடிச்சுக்கறேன்.”